வேணி சொல்லாத பெயர்

1

நான் இந்த நாட்டில் வந்து இறங்கிய நாள் அக்டோபரில் வருகிறது. ஒவ்வொரு வருஷமும் அன்றைக்குக் கோழிக் குழம்பு வைப்பேன். எங்கள் கடலோரத்து வீடுகளில் விசேஷம் என்றால் இறால்தான். ஆனால் இங்கே விற்கிற இறால் ஐஸ் கட்டிக்குள் ஏற்கெனவே வெந்த நிறத்தில் கிடக்கிறது. அதைப் பார்த்தால் எங்கள் அம்மா அது என்ன பூச்சி என்று கேட்பாள். ஆகவே கோழி.

இந்த வருஷம் அந்த நாளில் கோழியும் வைக்கவில்லை. அன்று பள்ளியில் ஒரு கூட்டம். வீட்டுக்கு வந்தபோது உலை வைக்கத் தோன்றவில்லை, எழுதத்தான் தோன்றியது.

முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஊரில் கேட்பவர்களுக்கு எங்கள் அம்மா ஒரு பதில் வைத்திருக்கிறாளாம். தம்பி கடிதத்தில் எழுதியிருந்தான்: "வெள்ளக்காரப் பசங்க இன்னா பண்ணுதுன்னு பாத்துக்கினு குந்தினுகீறா. அதுக்கு சம்பளம் குடுக்கறாங்க."

அது பெரும்பாலும் சரிதான். வகுப்பில் ஒரு பிள்ளை அடிக்கிறது, அழுகிறது, பேசாமல் இருக்கிறது என்றால் எங்களைக் கூப்பிடுவார்கள். நாங்கள் ஒரு மூலையில் உட்கார்ந்து, பிள்ளை என்ன செய்கிறது, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, செய்த பிறகு அதற்கு என்ன கிடைத்தது என்று பார்த்து எழுதுவோம். பிறகு முன்னால் நடப்பதையோ பின்னால் கிடைப்பதையோ மாற்றிப் பார்ப்போம். பிள்ளையைத் திட்டுவதில்லை, பிரம்பு இல்லை. எனக்கு இந்த வேலை பிடித்ததற்கு முதல் காரணம் அந்தப் பிரம்பு இல்லாததுதான்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் பிறந்தவள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுப்பதில்லை. பொன்னேரியில் எஸ்.எஸ்.எல்.சி., மதராசில் நர்ஸ் படிப்பு, பிறகு இங்கே குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலை. அங்கே பிள்ளைகளைக் கவனிக்க வந்துபோய்க்கொண்டிருந்தவர் மிஸஸ் ஹார்டிங். என்னிடம் பேசிப் பார்த்துவிட்டு, மாலை வகுப்பில் சேரச் சொன்னார். படிப்பை முடித்ததும் தன்னுடனே சேர்த்துக்கொண்டார். நாங்கள் இருவரும் இந்த ஆலை நகரத்தின் பள்ளிகளைச் சுற்றி வருகிறோம்.

2

போன தை மாதம், அதாவது இங்கே பனி கொட்டுகிற காலம், ஒரு பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். பையனின் பெயர் முனிரத்தினம் என்று கேட்டதும் எனக்கு நெஞ்சில் ஒரு துள்ளல். இந்தப் பெயர் எங்கள் பக்கத்தை விட்டால் வேறெங்கும் அவ்வளவாகக் கிடையாது. திருத்தணி ரோட்டில் பஸ்ஸில் போகும்போது இந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள்.

நினைத்தது சரி. அப்பா ஏகாம்பரம் பொதட்டூர்பேட்டைக்காரர். தறி தெரிந்தவர், இங்கே நூல் ஆலையில் இரவு ஷிப்ட். அம்மா பெயர் வேணி. என்னைவிட நாலைந்து வயது சின்னவள். விமானம் ஏற வந்தபோதுதான் மதராசையே பார்த்தவள். பிள்ளைக்கு ஐந்து முடிந்து ஆறு நடந்துகொண்டிருந்தது.

அவனுடைய டீச்சர் மிஸ் கோல் நல்லவர். குளிரில் வந்த பிள்ளைகளின் கையைத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துவிடுவார். அவர் சொன்ன குறை ஒன்றே ஒன்று.

"பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. காலையில் வருகைப் பதிவில் பதில் இல்லை. விளையாட்டு முடிந்து உள்ளே வா என்றால் வருவதில்லை. காது டாக்டர் காது நன்றாக இருக்கிறது என்கிறார். அப்படியானால் குறை வேறெங்கோ இருக்கிறது."

அந்த 'வேறெங்கோ' என்பதற்கு இங்கே ஓர் இடம் உண்டு. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தனிப் பள்ளி. மந்தமான பிள்ளைகளுக்கு என்று பெயர். காலையில் ஒரு வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். அங்கே போன பிள்ளை மறுபடி சாதாரண வகுப்புக்குத் திரும்பியதை நான் பார்த்ததில்லை. இலையுதிர் பருவத்தில் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வருவார், அதற்குள் மாற்றம் தெரியாவிட்டால் முனிரத்தினம் அந்த வண்டியில் ஏற வேண்டியதுதான் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது.

உச்சரிப்புதான் கோளாறு என்று நான் உறுதியாக நம்பினேன். மிஸ் கோல் அந்தப் பெயரைச் சொல்வது பல்லில் கல் அகப்பட்டது போல இருக்கும். நான் பின்னால் போய் நின்று, நம் ஊர்த் தமிழில், "முனிரத்தினம்" என்றேன். வகுப்பில் தமிழ் பேசக் கூடாது என்று விதி, பெயருக்கு மட்டும் அனுமதி. அவன் கட்டையின் மேல் கட்டையை அடுக்கிக்கொண்டிருந்தான். கை கூட நிற்கவில்லை.

"பாருங்கள், நீங்கள் சொன்னாலும் இல்லை" என்றார் மிஸ் கோல். அதில் வெற்றி இல்லை, வருத்தம்தான் இருந்தது.

அப்புறம் எங்கள் முறைப்படி செய்தோம். பெயரைச் சொல்வது, திரும்பினால் ஒரு மிட்டாய், திரும்பாவிட்டால் பேசாமல் சற்றுப் பொறுத்து மறுபடி சொல்வது. பொட்டலத்திலிருந்த மிட்டாய் குறையவே இல்லை. ஒரு நாள் நான் தலைமுடியைக் கோதிக்கொள்ளக் கையைத் தூக்கியபோது அவன் என் வளையல் சத்தத்துக்குத் திரும்பினான். காது அவ்வளவு கூர்மை. பெயருக்கு மட்டும் செவிடு.

3

வீட்டிலும் பழக்க வேண்டும் என்று மிஸஸ் ஹார்டிங் சொன்னார். பள்ளி வாசலில் வேணியைப் பிடித்தேன். மேலே ஆலைக்காரக் கோட்டு, கீழே நூல் புடவை, காலில் ஆம்பளை பூட்ஸ்.

"தெனம் சோறு போடறதுக்கு முன்னாடி பேர் சொல்லிக் கூப்புடு வேணி. திரும்பினா ஒரு பிஸ்கட்டு குடு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுக்கா."

"செய்வியா?"

"செய்றேன்கா." புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

அடுத்த வாரம் கேட்டேன். "இன்னா ஆச்சு?"

"பிஸ்கட்டு ஆயிப்பூடுச்சுக்கா."

"திரும்பினானா?"

"திரும்பறான்கா. எப்பவும் திரும்பிக்கினுதான்கா இருக்கறான்."

நான் நம்பவில்லை. பெரியவர்கள் முகம் சுளிக்காமல் இருக்க நம் பெண்கள் சொல்கிற சமாளிப்பு என்று நினைத்தேன். மிஸஸ் ஹார்டிங்கிடம், "அந்த அம்மா சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது" என்றேன். சொந்த ஊர்க்காரி என்பதால் அவளை எனக்குத் தெரியும் என்று ஒரு தைரியம்.

மிஸஸ் ஹார்டிங் தலையாட்டிவிட்டு, "சரி, வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்" என்றார். அவர் எதையும் பார்க்காமல் நம்ப மாட்டார், பார்க்காமல் நம்பாமலும் இருக்க மாட்டார்.

4

அவர்கள் வீடு, ஒன்றோடொன்று முதுகு ஒட்டிய செங்கல் வீடுகளின் வரிசையில் ஒன்று. ஏகாம்பரம் இரவு வேலை முடித்து மாடியில் தூங்கிக்கொண்டிருந்ததால் எல்லாரும் தணிந்த குரலில் பேசினோம். வேணி முறுக்கும் டீயும் கொடுத்தாள். மிஸஸ் ஹார்டிங் முறுக்கை உடைக்கத் தெரியாமல் முழு வட்டத்தையும் பல்லில் வைத்துக் கடித்தார். வேணி சிரிப்பை அடக்க அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பையன் தரையில், அப்பா ஆலையிலிருந்து கொண்டுவந்த காலி நூல் கண்டுகளை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான். முதுகு எங்கள் பக்கம்.

"தினமும் எப்படிச் செய்கிறாளோ அப்படியே செய்யச் சொல்" என்றார் மிஸஸ் ஹார்டிங்.

வேணி பிஸ்கட்டை எடுத்தாள். பையனுக்குப் பின்னால் போய் நின்றாள். என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க அந்தாண்ட திரும்பிக்கறீங்களா?"

"நான் பாக்கத்தானே வந்துகீறேன்?"

அவள் மெல்ல, "நைனா" என்றாள்.

பையன் திரும்பினான், எழுந்தான், வந்து பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு அவள் இடுப்பில் சாய்ந்து நின்றான்.

"ம், இப்ப பேர் சொல்லிக் கூப்புடு" என்றேன்.

மிஸஸ் ஹார்டிங்கின் பென்சில் நின்றது. "செல்வி, அவன் திரும்பினானே."

"இன்னும் அவள் கூப்பிடவே இல்லை."

"ஏதோ சொன்னாள். அந்த நொடியே திரும்பினான். என்ன சொன்னாள்?"

"அது ஒன்றுமில்லை. நைனா என்றாள்."

"அப்படியென்றால்?"

"அப்பா என்று அர்த்தம்."

மிஸஸ் ஹார்டிங் கண்ணாடியைக் கழற்றினார். "பெற்ற மகனை அப்பா என்று கூப்பிடுகிறாளா?"

இப்படி ஒரு கேள்வி கேட்கப்படும் என்று நான் வாழ்க்கையில் நினைத்ததில்லை. நம் பக்கத்தில் அப்பாவும் நைனா, ஆசைக்குக் கூப்பிடும் பையனும் நைனா. என் காதுக்கு அது மூச்சுவிடுகிற சத்தம் மாதிரி. அதனாலேயே எனக்குக் கேட்கவில்லை. ஒரு வார்த்தை தமிழ் தெரியாத மிஸஸ் ஹார்டிங்குக்குக் கேட்டது. அவர் அர்த்தத்தைக் கேட்கவில்லை, எந்தச் சத்தத்துக்குப் பிள்ளை திரும்புகிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேணி, ஏன் நீ அவன் பேர சொல்றதில்ல?" என்று அப்போதுதான் கேட்டேன். இத்தனை வாரத்தில் முதல் தடவை.

அவள் மாடியைப் பார்த்தாள். குரலை இன்னும் தணித்தாள்.

"அது எங்க மாமனார் பேருக்கா. நான் எப்டி சொல்றது?"

5

அன்று பஸ்ஸில் திரும்பும்போது மிஸஸ் ஹார்டிங்கிடம் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

என் தம்பிக்கு எங்கள் அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர், தனகோடி. அம்மா ஒரு நாளும் அவனை அந்தப் பெயரால் கூப்பிட்டது கிடையாது. கோபம் தலைக்கு ஏறினாலும், "இந்தா நைனா, நீ செய்யறது உனக்கே நல்லாகீதா?" என்றுதான் வரும். எங்கள் அத்தை, அப்பாவின் அக்கா, அடுத்த வீடு. அம்மாவுக்கும் அவளுக்கும் மீன் பங்கில் சண்டை வந்த நாட்களில் அத்தை வாசலில் நின்று, "டேய் தனகோடி, தடிமாடே, இங்க வாடா" என்று வேண்டுமென்றே உரக்கக் கத்துவாள். அம்மா காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுவாள். தம்பி பக்கோடா கிடைக்கும் என்று அத்தை வீட்டுக்கு ஓடுவான்.

மிஸஸ் ஹார்டிங் அந்த இடத்தில் என்னை நிறுத்தினார். "அப்படியானால் உன் தம்பிக்குத் தன் பெயர் எப்படித் தெரிந்தது?"

"அத்தை சொல்வாள். தெருவே சொல்லும். வலை காய வைக்கிறவர்கள், கடைக்காரர், எல்லாரும்."

"இந்தப் பையனுக்கு இங்கே யார் இருக்கிறார்கள்?"

ஏகாம்பரமும் தன் அப்பா பெயரைச் சொல்லி மகனை அதட்ட மனம் வராமல் நைனா என்றுதான் கூப்பிடுகிறார் என்று பிறகு தெரிந்தது. ஊரில் அம்மா சொல்லாமல் விட்ட பெயரைச் சொல்லத் தெருவெல்லாம் வாய்கள் இருந்தன. ஒருத்தி வாயை மூடிக்கொள்வது அங்கே ஒரு மரியாதை, அவ்வளவுதான். விமானம் ஏறி வந்தபோது மரியாதை கூடவே வந்துவிட்டது, தெரு வரவில்லை. வீடு மட்டும் தனியாக வந்து நின்றது. அந்த வீட்டில் ஒரு பிள்ளை தன் பெயரைக் கேட்காமலே வளர்ந்திருக்கிறான்.

அந்த இரவு எனக்கு நான் பள்ளியில் சேர்ந்த கதையும் நினைவுக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் நூறு தடவை சொல்லிச் சிரித்த கதை. அப்பா படகில் போயிருந்தார். அம்மா மீன் கூடையோடு என்னை ஹெட்மாஸ்டர் முன்னால் நிறுத்தினாள்.

"புருஷன் பேர் இன்னாம்மா?"

அம்மா தரையைப் பார்த்தாள். "அதான் சார், நம்ம ஏழு கன்னிம்மா கீறாங்க இல்ல..."

"கன்னியம்மாவா உன் புருஷன் பேரு?"

"ஐயே, ஆம்பள பேரு சார். அவங்க பேர்லயே ஆம்பள."

ஹெட்மாஸ்டர் பேனாவை மூடினார். இடமில்லை, அடுத்த வருஷம் புருஷனையே அழைத்துக்கொண்டு வா என்றார். குப்பத்துப் பெண் பிள்ளைக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று வருவதில்லை. அதற்குள் கையில் ஒரு குழந்தையைக் கொடுத்துவிடுவார்கள். நான் முன்னால் வந்து, "கன்னியப்பன்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார். "வாயிருக்குது, படிச்சுக்கும்" என்றார்.

அந்த வாயால்தான் இன்று சாப்பிடுகிறேன்.

6

விஷயத்தைச் சொன்னதும் மிஸ் கோல் நிம்மதியாக மூச்சுவிட்டார். பிறகு கேட்டார்: "ஒரு பெயர்தானே? பிள்ளையின் எதிர்காலத்துக்காக அந்தத் தாய் ஒரு தடவை சொல்லக் கூடாதா?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. நான் என் கணவர் பெயரை ஆபீசிலும் ஆஸ்பத்திரியிலும் தயங்காமல் சொல்கிறவள். படித்த பெண் என்று எனக்குள் இருக்கும் நிமிர்வில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. மறுநாள் வேணியோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தேன்.

"இந்தக் காலத்துல இதெல்லாம் பாக்கலாமா வேணி? மாமனார் கேக்கவா போறாரு? கடலுக்கு அந்தாண்ட கீறாரு."

"அதுக்காகத்தான்கா சொல்றதில்ல. எனக்கு அம்மா இல்ல. கல்யாணம் ஆயி போனப்ப எனக்கு சோறு பொங்கத் தெரியாது. அவுருதான் பக்கத்துல குந்தினு சொல்லிக் குடுத்தாரு. ஒரு நாளு மூஞ்சி சுளிச்சதில்ல. இப்ப அவுரு தனியா ஆக்கித் துன்னுகினு கீறாரு. இங்கேந்து நான் அவுருக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க முடியுமா? பேர சொல்லாம கீறேன் பாருங்க, அது ஒண்ணுதான் என்னால செய்ய முடியுது. அதையும் வுட்டுடச் சொல்றீங்களா?"

பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். நான் அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.

இதை மிஸஸ் ஹார்டிங்கிடம் வார்த்தை வார்த்தையாகச் சொன்னேன். "நாம் இதுவரை அவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். என்ன செய்யலாம் என்று அவளைக் கேட்கவே இல்லை" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளியில் பிள்ளைகள் உட்காரும் சின்ன நாற்காலிகளில் நாங்கள் நாலு பேரும் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தோம். மிஸஸ் ஹார்டிங் கேட்டார், நான் தமிழில் சொன்னேன்.

வேணி யோசிக்கவே இல்லை. எப்போதோ யோசித்து வைத்திருந்தாள் போல. "அக்கா, நீங்க அவனுக்கு அத்த ஆயிக்கோங்க. அத்தன்னா பேர சொல்லலாம். திட்டலாம் கூட."

"டீச்சர்?"

"அவங்க மொதல்ல நைனான்னு கூப்புடட்டும். அப்பதான் நம்மள கூப்புடறாங்கன்னு தெரியும். அப்பால சேத்து பேரையும் சொல்லட்டும்."

நான் மொழிபெயர்த்து முடித்ததும் மிஸஸ் ஹார்டிங் சிரித்துவிட்டார். "தெரிந்த சொல்லோடு தெரியாத சொல்லைச் சேர்த்துச் சொல்வது, பிறகு தெரிந்ததை மெல்லக் குறைப்பது. அமெரிக்காவுக்குப் போய் இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று."

"இன்னாக்கா சொல்றாங்க?"

"நீ சொன்னது பரிட்சையில பாஸ்ன்றாங்க."

"அப்ப இன்னொண்ணு சொல்லுங்க. முனின்னு மட்டும் சுருக்கிக் கூப்புட வோணாம்னு. ஊர்ல ஏரி ஓரத்துல கீற முனி நெனப்பு வந்து எனக்கே பயமாகீது."

மிஸ் கோல் அதை மிகுந்த மரியாதையோடு குறித்துக்கொண்டார்.

அவர் சொன்ன முதல் "நைனா" என் நினைவில் இருக்கிறது. நெற்றியைச் சுருக்கி, ஏதோ உடையக்கூடிய பாத்திரத்தைக் கீழே வைப்பது போலச் சொன்னார். பையன் திரும்பி, அது அவர் வாயிலிருந்துதான் வந்ததா என்று பார்த்தான். பிறகு அவன் முகம் முழுதும் விரிந்தது. பல மாதமாக ஒரே அறையில் இருந்தவர்கள் அன்றுதான் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மிட்டாய்ப் பொட்டலத்தை யாரும் தேடவில்லை.

நான் அத்தை ஆனேன். காலையில் வாசலிலேயே தொடங்குவேன். "முனிரத்தினம், சாக்ஸ் எங்கடா? முனிரத்தினம், மூக்கத் தொடச்சுக்கடா." வகுப்பில் தமிழ் கூடாது என்ற விதியை மிஸ் கோல் ஒரு நாள் சத்தமில்லாமல் மறந்துவிட்டார். மற்றப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் ஒரு விளையாட்டாயிற்று. கயிறு தாண்டும்போது அதன் எழுத்துக்கு ஒரு குதி என்று குதித்தார்கள். பொதட்டூர்பேட்டைத் தெரு செய்கிற வேலையை அந்தச் சிமெண்டு முற்றம் செய்தது.

கோடை விடுமுறைக்கு முன்னால் அவன் நைனா இல்லாமலே பாதி நேரம் திரும்பினான். எனக்கு, மிஸ் கோலுக்கு, கூட விளையாடுகிறவர்களுக்கு. புதிய ஆள் கூப்பிட்டால் மட்டும் இன்னும் இல்லை. அதிகாரி வருகிற கூட்டத்தில் கூப்பிடப்போவது புதிய ஆள்தான்.

இந்த நாட்களில் வேணி ஒரு நாள் சொன்னாள்: "இப்ப என்ன மம்மின்றான்கா. அவன் பேர கத்துக்கினு என் பேர மாத்திட்டான்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். தலைப்பு மட்டும் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது.

7

கூட்டம், நான் சொன்னேனே, நான் வந்து இறங்கிய நாளில் அமைந்தது. காலையில் தம்பியிடமிருந்து கடிதம். கும்மிடிப்பூண்டியில் பேக்டரிகளுக்கு நிலம் அளக்கிறார்களாம், கயிறு பிடித்துக்கொண்டு ஆட்கள் முந்திரித் தோப்புக்குள் நடக்கிறார்களாம், வேலை கிடைக்குமா என்று அம்மா தினமும் கேட்கிறாளாம். படித்துவிட்டுக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் நீண்ட மேசை. அந்தப் பக்கம் அதிகாரி, நரைத்த மீசை, கெட்ட மனிதர் இல்லை. இந்தப் பக்கம் நாங்கள் மூவரும் வேணியும். ஏகாம்பரத்துக்கு அந்த வாரம் பகல் ஷிப்ட், லீவு கிடைக்கவில்லை. பையன் மேசைக்கு அடியில் நூல் கண்டை உருட்டிக்கொண்டிருந்தான்.

மிஸஸ் ஹார்டிங் நாங்கள் செய்ததை எடுத்துச் சொன்னார். மிஸ் கோல் தன் வகுப்பிலேயே அவன் இருக்க வேண்டும் என்றார். அதிகாரி கேட்டுக்கொண்டார். பிறகு மேசைக்கு அடியில் குனிந்து, பல்லில் கல்லோடு, அந்தப் பெயரைச் சொன்னார்.

கண்டு உருள்கிற சத்தம் நிற்கவில்லை.

மறுபடி சொன்னார். மிஸ் கோலின் கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தது. அதிகாரி நிமிர்ந்து ஒரு காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். வேணி அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் அது எந்தக் காகிதம் என்று தெரிந்தது.

அவளைச் சமாதானப்படுத்தவோ என்னவோ, அதிகாரி அவளிடம் மெதுவாக, உரக்க, செவிடருக்குச் சொல்வது போலக் கேட்டார்: "அம்மா, உங்கள் மகனின் பெயர் என்ன?"

இந்தக் கேள்வி அவளுக்குப் புரியும். இங்கே வந்த பிறகு அவளை எல்லாரும் கேட்டிருக்கிற ஒரே கேள்வி அது. அவள் வாய் திறந்தது, மூடியது. கண் நிறைந்துவிட்டது. சொல்லிவிடப் போகிறாள் என்று நினைத்தேன். சொன்னால் பிள்ளைக்கு ஏதாவது பயன் இருக்குமோ இருக்காதோ, பொதட்டூர்பேட்டையில் தனியாகச் சமைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அவள் கொடுத்துக்கொண்டிருந்தது அந்த அறையிலேயே தீர்ந்துபோகும். நான் பதில் சொல்ல எழுந்தேன். மிஸஸ் ஹார்டிங் என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, மேசைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்டு உருள்கிற சத்தம் நின்றிருந்தது.

பையன் வெளியே வந்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவள் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அதிகாரி பக்கம் திரும்பினான்.

"முனிரத்தினம்" என்றான்.

அதிகாரிக்குப் புரியவில்லை என்று நினைத்தானோ என்னவோ, இன்னொரு தடவை, மிஸ் கோல் புதுச் சொல்லைச் சொல்லிக்கொடுப்பது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னான். வேணி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய மாமனாரின் பெயர் அந்த அறையில் சுத்தமாக, ஓர் எழுத்தும் சிதையாமல் ஒலித்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

அதிகாரி அந்தக் காகிதத்தைத் திரும்பவும் கோப்புக்குள் வைத்தார். "இவன் இங்கேயே படிக்கட்டும்" என்றார். மீசையைத் தடவிக்கொண்டு, "எனக்குத்தான் உச்சரிப்புச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்" என்றார்.

வெளியே தூறல். மிஸ் கோல் எங்கள் மூவரின் கையையும் மாறி மாறித் தேய்த்துவிட்டு வகுப்புக்கு ஓடினார். பஸ் நிறுத்தத்தில் வேணி சொன்னாள்.

"எங்க ஊர்ல கூட அவுரு பேர இம்மாந் தெளிவா யாரும் சொன்னதில்லக்கா. ரத்னம், ரத்னம்னு முழுங்கிப்பூடுவாங்க."

"கடுதாசில எழுதிப் போடு, மாமனாருக்கு."

"பேர எப்டிக்கா எழுதறது?"

"நான் எழுதறேன். அத்தைதானே."

அதற்குள் பையன் நூல் கண்டைத் தவறவிட, அது ரோட்டுப் பக்கம் உருண்டது. அவன் பின்னால் ஓடினான். "நைனா" என்றாள் வேணி. "முனிரத்தினம்" என்றேன் நான். இரண்டும் ஒரே சமயத்தில் வந்தன. அவன் நடைபாதையின் ஓரத்தில் நின்றான். மழையில் நனைந்துகொண்டு, அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான், யாரிடம் முதலில் வருவது என்று தெரியாமல்.